மரக்காணம் உப்பளமும் என் பைக்கின் சஸ்பென்ஷனும்

1/
இது கொஞ்சம் நீளமான த்ரெட். பைக் ஓட்டுறவங்க, பைக் ஓட்டும் பிள்ளைகளைப் பெத்தவங்க, ரோட்டோரமா நடந்து போறவங்க, மூணு பேருக்கும் இதில் விஷயம் இருக்கு. பொறுமையா படிங்க.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பைக் ஓட்டுபவன். போன வருஷம் மார்ச் மாசம், மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் இந்த ரெண்டு ஆளும் ஒரே நிமிஷத்தில் நேருக்கு நேர் சந்திச்சுக்கிட்டாங்க. அதைத்தான் சொல்லப் போறேன்.

2/
பைக் வந்து ஒரு லிட்டர் கிளாஸ் ஸ்போர்ட்ஸ் பைக். எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் உள்ளது. 46 வயசில் வாங்கினேன். விலையைக் கேட்ட என் மனைவி, "இந்தக் காசுக்கு உங்க ஐசியுவுக்கே ஒரு வெண்டிலேட்டர் வாங்கிக் கொடுத்திருக்கலாம்" என்றார். அந்த வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

வாங்கிய புதிதில் ஒரு நண்பர் தன் பைக்கின் செட்டிங்ஸை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அவர் ஓட்டும் செட்டிங். முன்னாடி ஹார்ட், பின்னாடி ஹார்ட், எல்லாமே ஹார்ட். அப்படியே என் பைக்கில் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரையை வாங்கிப் போடாதீங்கன்னு தினமும் நோயாளிகளிடம் சொல்லும் அதே ஆள்தான் நான்.

3/
சென்னையில் இருந்து நாலரைக்குக் கிளம்பினேன். பாலாறு தாண்டி, கடப்பாக்கம் தாண்டி, மரக்காணம் நெருங்கும்போது மணி ஐந்தே முக்கால். இன்னும் சூரியன் வரலை. ரெண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். அந்த நேரத்து வெளிச்சத்தில் பாத்தித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். கீற்று போட்டு மூடின உப்புக் குவியல்கள் தூரத்தில் குடிசை மாதிரி தெரியும். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் அங்கே ஆக்சிலரேட்டரைத் திருகுவேன்.

லேசான ஒரு இடது வளைவு. மணிக்கு 100-க்கு மேல் போய்க்கொண்டிருந்தேன். அடுத்தடுத்து ஒட்டுப்போட்ட ரோடு. அந்த ஒட்டுகளுக்கு அப்பால் ஒரு அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார்.

4/
பிரேக் பிடித்தேன். முதல் மேட்டில் ஏறி இறங்கியது. ரெண்டாவதில் ஹேண்டில்பார் உதறியது. மூணாவதில் முன் சக்கரம் ரோட்டிலேயே இல்லை. சக்கரம் தரையில் இல்லாதபோது பிரேக் எதைப் பிடிக்கும்? ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிக்க, வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

நின்றபோது அந்த அம்மாவுக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவில் ரெண்டு முழம் இருந்திருக்கும்.

5/
அவர் கத்தவில்லை. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, இம்மாம் பெரிய வண்டி. நிக்கத் தெரியாதா அதுக்கு?"

"மன்னிச்சிடுங்கம்மா."

"என்ன வேலை பாக்குற நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "டாக்டரும்மா."

"டாக்டரா? அப்போ என்னை அடிச்சுப் போட்டுட்டு நீயே வச்சுப் பாத்துக்குவியா?"

6/
பதில் சொல்ல முடியாமல் வரப்பில் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. பழக்கதோஷத்தில் நாடி பிடித்துப் பார்த்தேன். 138.

அந்த அம்மா என்ன நினைத்தாரோ, சைக்கிளில் கட்டியிருந்த கேனை அவிழ்த்துத் தண்ணி கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டின வரை தண்ணி, ஆனால் குடிக்கிற தண்ணி கிடையாது. உப்பளத்துக்குப் போகிறவர்கள் அன்றைக்குக் குடிக்க வேண்டியதை வீட்டில் இருந்தே சுமந்து போகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கத்தான் விடியும் முன்பே கிளம்புகிறார்கள். வெயிலில் தண்ணி குறைவாகக் குடித்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்று வகுப்பு எடுக்கும் நான், ஒரு உப்பளத் தொழிலாளியின் ஒரு நாள் தண்ணியில் கால் பங்கைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

7/
வீட்டுக்கு வந்ததும் முதலில் ரோட்டைத் திட்டினேன். அப்புறம் பைக்கைத் திட்டினேன். இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய, கம்ப்யூட்டர் வைத்த சஸ்பென்ஷன் ஏன் குதிச்சுது?

சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் பைக் பக்கமே போகவில்லை. என்னைப் பார்த்து, "டாக்டர் சார், உங்க வெயிட் என்ன?" என்றார்.

91. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்ந்து 9. மொத்தம் 100 கிலோ.

"அதை பைக்குக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

8/
இங்கிருந்து கொஞ்சம் பாடம். எளிமையாகச் சொல்கிறேன்.

சஸ்பென்ஷனில் ரெண்டு ஆள் வேலை செய்கிறார்கள். ஒருவர் ஸ்பிரிங். எடையைத் தாங்குவது அவர் வேலை. இன்னொருவர் டேம்பர். ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை அடக்குவது அவர் வேலை. உள்ளே எண்ணெய் இருக்கும். அது சின்னத் துளை வழியாகப் போய்வரும்போது ஆட்டம் குறையும்.

சக்கரம் மேடு ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது வேலை செய்வது கம்ப்ரெஷன் டேம்பிங். அமுங்கின ஸ்பிரிங் திரும்பி விரியும்போது வேலை செய்வது ரீபவுண்ட் டேம்பிங்.

ரீபவுண்ட் ரொம்பக் குறைந்தால் வண்டி பந்து மாதிரி துள்ளும். ரொம்பக் கூடினால் அமுங்கின ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மேலும் அமுங்கும். மூணாவது, நாலாவது மேட்டில் அமுங்க இடமே இருக்காது. வண்டி கட்டை மாதிரி ஆகிவிடும்.

எனக்கு மரக்காணத்தில் நடந்தது இதுதான்.

9/
எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் என்ன செய்கிறது? அந்த எண்ணெய்த் துளையை மின்சார வால்வு வைத்துத் திறந்து மூடுகிறது. பிரேக் பிடிக்கிறீர்களா, சாய்ந்திருக்கிறீர்களா, சக்கரம் எவ்வளவு வேகத்தில் மேலே வருகிறது என்பதை சென்சார்கள் சொல்ல, கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்துக்குள் பலமுறை டேம்பிங்கை மாற்றுகிறது.

இதன் அடிப்படைக் கணக்கு புதுசு இல்லை. வானத்தில் ஒரு கொக்கி போட்டு வண்டியைத் தொங்கவிட்டது போல உடம்பு அசையாமல் இருக்க வேண்டும் என்ற 'ஸ்கைஹூக்' கருத்தை கார்னோப் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் 1974-ல் எழுதினார்கள். பைக்கில் பட்டன் அழுத்தி சஸ்பென்ஷனை மாற்றும் வசதியை 2004-ல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்தது. ஓடும்போதே தானாக மாறும் வகை 2012-ல் அவர்களுடைய எச்பி4 பைக்கில் வந்தது. அடுத்து டுகாட்டி மல்டிஸ்ட்ராடாவில் வந்தது. இன்று பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் மேல்நிலை மாடல்களில் சாதாரணம்.

10/
ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிங்க. கம்ப்யூட்டர் மாற்றுவது டேம்பரை மட்டும்தான். ஸ்பிரிங்கை அது மாற்றாது. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை இன்னும் ஸ்பேனர் வைத்து கையால்தான் திருகணும்.

மனைவி சொன்ன வெண்டிலேட்டர் இங்கேதான் வருகிறது. இன்றைய வெண்டிலேட்டர்களில் சில மோடுகள் மூச்சுக்கு மூச்சு தானே கணக்குப் போட்டு மாறிக்கொள்ளும். அபாரமான மெஷின். ஆனால் ஆரம்பத்தில் நோயாளியின் உயரத்தை நாம் கொடுக்கணும். அதில் இருந்து வரும் எடைக்கு, கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்று மூச்சின் அளவு போகும். உயரத்தைத் தப்பாகக் கொடுத்தால் மெஷின் ரொம்ப சாமர்த்தியமாக, மூச்சுக்கு மூச்சு, தப்பான வேலையைச் செய்யும்.

என் பைக்கும் அதையேதான் செய்தது. சுமார் 75-80 கிலோ ஆளை மனதில் வைத்துப் போட்ட ஸ்பிரிங் மேல் 100 கிலோ உட்கார்ந்திருந்தது.

11/
அதை அளக்கும் முறைக்கு 'சேக்' என்று பெயர். ஒரு டேப், ஒரு நண்பர், பத்து நிமிஷம் போதும்.

அ) சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, சக்கரத்தின் அச்சில் இருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி வரை அளக்கணும்.
ஆ) வண்டியை இறக்கி, ஆள் ஏறாமல் நேராகப் பிடித்துக்கொண்டு அளக்கணும். முதல் அளவில் இருந்து எவ்வளவு குறைந்ததோ அது ஃப்ரீ சேக்.
இ) முழு கியரோடு ஏறி உட்கார்ந்து, கால் ரெண்டும் ஃபுட்பெக்கில் வைத்து அளக்கணும். குறைந்த அளவு ரைடர் சேக்.

இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்க. சீல்களின் உராய்வால் ஒவ்வொரு தடவையும் சில மி.மீ மாறும்.

ரோட்டில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ரைடர் சேக் 35 மி.மீ பக்கத்தில் இருந்தால் நல்லது. மொத்தமே 120 மி.மீ அளவுக்குத்தான் முன் ஃபோர்க் நகரும் என்பதை நினைவில் வைங்க.

12/
என் பைக்கில் பின்பக்கம் 48. முன்பக்கம் 42.

அதாவது நான் ஏறி உட்கார்ந்ததுமே பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. பின்னாடி தாழ்ந்தால் முன் சக்கரத்தின் மேல் பாரம் குறையும், வளைவில் வண்டி வெளிப்பக்கமாகப் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. அதைச் சரிசெய்யத்தான் டிராக் செட்டிங்கைப் போட்டேன். ஹார்டாக்கினதும் வண்டி இறுக்கமாக இருப்பது போல ஒரு திருப்தி.

வயிற்று வலிக்கு ஊசி போட்டு, உள்ளே இருக்கும் அப்பெண்டிக்ஸை மறைக்கும் வேலை அது.

டிராக் வழுவழுப்பாக இருக்கும். எதிரே சைக்கிள் வராது. அங்கே ஹார்ட் செட்டிங்குக்கு அர்த்தம் இருக்கு. ஒட்டுப்போட்ட ரோட்டில் அதுவே விஷம்.

13/
தம்பி ப்ரீலோடைத் திருகினார். முன்பக்கம் 36. பின்பக்கமும் 36. ஒரு விஷயம் தெளிவாகச் சொன்னார்: ப்ரீலோடு கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகாது. வண்டி உட்காரும் உயரம்தான் மாறும்.

அப்புறம் பின்பக்க ஃப்ரீ சேக்கை அளந்து உதட்டைப் பிதுக்கினார். 4 மி.மீ. ரைடர் சேக் சரியாக இருந்தும் ஃப்ரீ சேக் இவ்வளவு குறைந்தால், ஸ்பிரிங் அந்த ஆளுக்கு மெலிசு என்று பொருள்.

"ரெண்டு வழி இருக்கு டாக்டர் சார். ஒண்ணு, ஸ்பிரிங்கை மாத்தணும்."

"இன்னொண்ணு?"

"நீங்க மாறணும்."

இருபது வருஷமாக நான் நோயாளிகளிடம் சொல்லும் வசனத்தை, ஒரு கேபிள் டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் சொன்னார். எட்டு மாசத்தில் 8 கிலோ குறைத்தேன். இப்போது ஃப்ரீ சேக் 7.

14/
அந்தக் கேபிள் டை எதற்கு? முன் ஃபோர்க்கின் வழுவழு குழாயில் லூசாகக் கட்டிவிடுவார்கள். ஒரு ரவுண்டு போய்வந்தால், ஃபோர்க் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்று அது நின்ற இடம் காட்டும். அடிமட்டத்தைத் தொட்டால் தப்பு. பாதியிலேயே நின்றாலும் தப்பு. பலமாக பிரேக் பிடித்த பிறகும் ஒரு 10 மி.மீ மிச்சம் இருந்தால் சரி.

ஈசிஆருக்கு நான் வைத்திருக்கும் முறை இது. உங்கள் வண்டிக்கு எண் மாறும், வரிசை மாறாது.

- முதலில் டயர் காற்று. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவு. இது தப்பென்றால் மற்ற எல்லாமே தப்பு.
- அடுத்து சேக்.
- அதன் பிறகுதான் மெனு. ரோடு மோடு. தானாக மாறும் நிலை. கம்பெனி கொடுத்த அளவில் இருந்து ஆரம்பம்.
- மேட்டில் 'டக்'கென்று முதுகில் அடித்தால் கம்ப்ரெஷனை ஒரு படி குறை. மேடு தாண்டின பிறகும் ஆடிக்கொண்டே இருந்தால் ரீபவுண்டை ஒரு படி கூட்டு.
- ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதே ரோடு, அதே வேகம். நோட்டில் எழுதி வை.

கடைசி விதி எனக்குப் புதுசு இல்லை. ஒரே நாளில் மூணு மருந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று எந்த டாக்டருக்கும் தெரியாது.

15/
உப்பளப் பக்கம் ஓட்டுறவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா குறிப்பு. அந்தக் காற்றில் உப்பு இருக்கு. ஃபோர்க் குழாயில் காய்ந்து ஒட்டின உப்பும் மணலும் ஒவ்வொரு அமுக்கத்துக்கும் எண்ணெய் சீலைச் சுரண்டும். சென்சார் கனெக்டர்களில் பச்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் மெதுவாகக் கழுவி, ஃபோர்க் குழாயை ஈரத்துணியால் துடைங்க. பிரஷர் பம்ப்பை கனெக்டருக்கு நேராகக் காட்ட வேண்டாம்.

16/
"டாக்டர், எங்ககிட்ட இருக்கிறது 110 சிசி" என்பவர்களுக்கு. இந்த த்ரெட்டில் முக்கால்வாசி உங்களுக்கும்தான்.

உங்கள் பின் ஷாக்அப்சார்பரின் அடியில் படிப்படியாக வெட்டின ஒரு வளையம் இருக்கா பாருங்க. பல வண்டிகளில் இருக்கும். அதுதான் ப்ரீலோடு. மனைவி, குழந்தை, கேஸ் சிலிண்டர் என்று ஏற்றுவதாக இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு படி, ரெண்டு படி கூட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கணும். ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் தள்ளிப்போடாதீங்க. கசிவது பிரேக் மேல் பட்டால் ஆபத்து.

முதுகு வலி என்று வரும் பைக்காரர்களிடம் நான் இப்போது எக்ஸ்ரேக்கு முன்னாடி டயர் காற்றைக் கேட்கிறேன். சிரிக்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

17/
கம்பெனி எது போட்டாலும் உங்கள் உடம்பும் ஒரு சஸ்பென்ஷன்தான். முட்டியால் டேங்க்கைப் பிடிங்க. தோளையும் முழங்கையையும் தளர்வாக விடுங்க. அன்றைக்கு நான் பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்ததும் உதறல் கூடியதற்கு ஒரு காரணம். கை மரத்துப் போவது, மணிக்கட்டு வலி எல்லாம் பாதி இந்த இறுக்கத்தில் இருந்து வருவதுதான்.

18/
இப்போது முக்கியமான விஷயம்.

எல்லாம் சரிசெய்த பிறகு அதே இடத்தில் போனேன். வண்டி பட்டு மாதிரி போனது. அந்த மூணு மேடும் தெரியவே இல்லை. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். என்னை அறியாமல் 110.

நல்ல சஸ்பென்ஷனின் பக்கவிளைவு இது. மேடு பள்ளத்தை மறைக்கும்போது வேகத்தையும் மறைத்துவிடும்.

கணக்கைப் பாருங்க. ஆளைப் பார்த்து பிரேக்கைத் தொடவே ஒரு நொடி ஆகும். 80-ல் போனால் அந்த நொடியில் 22 மீட்டர் போயிருப்பீர்கள். நல்ல ரோட்டில் நல்ல பிரேக்கோடு நிற்க இன்னும் 30 மீட்டர் சொச்சம். மொத்தம் 54 என்று வைங்க. 100-ல் போனால் அதே கணக்கு 77. கூடின வேகம் 20. கூடின தூரம் 23 மீட்டர். நான் நின்றது ரெண்டு முழத்தில்.

எந்த கம்ப்யூட்டரும் அந்த 23 மீட்டரைத் திருப்பித் தராது.

19/
இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1988 விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ உயரம். 25 கி.மீ வேகத்தில் தாண்டுவதற்காகப் போட்ட கணக்கு. என் ஃபோர்க்கின் மொத்த நகர்வு 12 செ.மீ. அதில் உட்கார்ந்ததுமே மூணரை செ.மீ போய்விட்டது. மிச்சத்தை நீங்களே கழித்துப் பாருங்க.

மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த அந்த அம்மா எனக்கு ஒரு எண்ணாக ஆகாமல் இருந்தது என் திறமையால் இல்லை. அவர் ஒரு அடி பின்னால் வைத்ததால்.

20/
அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெட்டியில் ரெண்டு கேன் நல்ல தண்ணி எடுத்துப் போகிறேன். டீக்கடையில் கொடுத்து உப்பளத்துக்குப் போறவங்களுக்குக் கொடுக்கச் சொல்வேன். கடைக்காரர் முதல்ல விநோதமாகப் பார்த்தார். இப்போ பழகிட்டார். அந்த அம்மாவை மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. கேட்ட கேள்விக்கு பதில் மட்டும் தெரியும்: இல்லம்மா, என்னால பாத்துக்க முடியாது. ஐசியுவில் எங்களால் சரிசெய்ய முடியாதது நிறைய இருக்கு.

கடப்பாக்கம் தாண்டினதும் ஆக்சிலரேட்டரை விடுகிறேன். 50. உப்பளம் முடியும் வரை 50. பின்னால் வரும் பையன்கள் ஹாரன் அடிச்சுட்டு முந்திப் போறாங்க. போகட்டும்.

மெதுவாகப் போனதில் இப்போதான் ஒன்றைக் கவனித்தேன். விடியும் முன் அந்த ரோட்டில் எத்தனை பேர் நடக்கிறார்கள்! வரிசையாக, கூடையும் கேனுமாக. இத்தனை வருஷமாக அவர்கள் அங்கேதான் இருந்திருக்கிறார்கள். 100-ல் போனவனுக்குப் பாத்தியில் வானம் மட்டும்தான் தெரிந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை டயர் காற்றைப் பாருங்க. சேக் அளங்க. ஊருக்குள்ளும் உப்பளத்துப் பக்கமும் மெதுவாப் போங்க.